தாய் கொடுத்த வாக்கு
திருச்சியில் வாழ்ந்த சுவார்ட்ஸ் பாதிரியார் வரலாறு

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே பார்த்தால் காவிரி தெரியும். காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தெரியும். அதற்கும் அப்பால் கொள்ளிடம் ஓடும்.

கீழே, மலையடியில் தெப்பக்குளம் இருக்கிறது. அதன் வடபுறத்தில் பழைய கிறிஸ்தவ ஆலயம் ஒன்று நிற்கிறது. கிறிஸ்து நாதர் ஆலயம் என்று பெயர். 1766-ம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி அது பிரதிஷ்டை செய்யப்பட்டது.

அதைக் கட்டியவர் ஒரு பாதிரியார். அவருக்கு மனைவி இல்லை. மக்கள் இல்லை. சொந்தமாக வீடு கூடக் கிடையாது. ஆனால் அவர் இறந்தபோது ஓர் அரச குமாரர் தேம்பித் தேம்பி அழுதார். ஆங்கிலேயரை நம்பாத ஐதர் அலி, இந்த ஒருவரை மட்டும் நம்பினார். அரசாங்கத்தின் பேச்சை நம்பாத குடியானவர்கள், இவர் வாயால் சொன்னால் போதும் என்று மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவர்தான் சுவார்ட்ஸ் பாதிரியார். இவ்வளவு பெரிய நம்பிக்கை அவருக்கு எப்படிக் கிடைத்தது? அதை அறிய ஐரோப்பாவில் உள்ள ஒரு சிற்றூருக்குப் போகவேண்டும்.

மரணப் படுக்கையில்

அந்த ஊரின் பெயர் சோனன்பர்க். அன்று அது பிரஷ்ய நாட்டில் இருந்தது. இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. அங்கே 1726-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் என்று பெயரிட்டார்கள்.

குழந்தை தாயின் முகத்தை அறியும் முன்பே தாய் நோயில் விழுந்தாள். பிழைக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கணவரையும் ஊர்க் குருவையும் படுக்கை அருகே அழைத்தாள். இந்தப் பிள்ளையை நான் ஆண்டவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னாள். பிற்காலத்தில் இவன் இறைபணிக்குப் போக விரும்பினால் யாரும் தடுக்கக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள். இருவரும் சம்மதித்தார்கள். அதன் பிறகே அவள் கண்ணை மூடினாள்.

பையன் வளர்ந்தான். பள்ளியில் நன்றாகப் படித்தான். ஆனால் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. சில நாள் ஜெபத்தில் மூழ்குவான். சில நாள் எல்லாவற்றையும் மறந்து வாலிபர்களோடு சுற்றுவான்.

மேல் படிப்புக்காகக் கஸ்ட்ரின் என்ற ஊருக்குப் போனான். அங்கே ஒரு நூல் கையில் கிடைத்தது. ஹாலே நகரத்தில் பிராங்கே என்ற குரு, கையில் பணமே இல்லாமல், கடவுளை நம்பியே அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி கட்டியவர். அவர் எழுதிய நூல் அது. படித்த இளைஞனின் உள்ளம் உருகியது. தாய் தன்னை யாரிடம் ஒப்படைத்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

எதிர்பாராமல் வந்த தமிழ்

1746-ம் ஆண்டில் சுவார்ட்ஸ் ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 20.

அந்த ஊரில் ஷூல்ட்ஸ் என்ற வயதான பாதிரியார் இருந்தார். தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டுத் தாய்நாடு திரும்பியவர். தமிழில் பைபிள் அச்சிட அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அச்சுப் பிழை திருத்த ஆள் வேண்டும். அதற்காகத் தமிழ் கற்றுக்கொள்ளும்படி சுவார்ட்ஸிடம் சொன்னார்கள்.

ஜெர்மன் வாலிபர் அ, ஆ எழுதத் தொடங்கினார். தமிழ்நாட்டுக்குப் போகும் எண்ணம் அப்போது அவருக்குக் கிடையாது. அந்த அச்சு வேலையும் கைகூடவில்லை. ஆனால் கற்ற தமிழ் வீண் போகவில்லை.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் மிஷன் நடந்துவந்தது. 1706-ம் ஆண்டில் சீகன்பால்கு என்பவர் வந்து தொடங்கியது அது. அங்கே புதிய ஊழியர்கள் தேவைப்பட்டார்கள். தமிழ் தெரிந்த இளைஞர் ஒருவர் ஹாலேயிலேயே இருக்கிறாரே! நீ போகிறாயா என்று கேட்டார்கள்.

சுவார்ட்ஸ் அந்தக் கேள்வியை மனிதரின் கேள்வியாக எண்ணவில்லை. கடவுளே தன்னை அழைக்கிறார் என்று உணர்ந்தார். அச்சுக்காகப் படித்த தமிழ் ஏன் தன்னிடம் வந்து சேர்ந்தது என்று அவருக்கு விளங்கியது.

ஆனால் தகப்பனார் சம்மதிக்க வேண்டுமே! ஊருக்குப் புறப்பட்டார்.

மாடியறையில் மூன்று நாள்

மகன் சொன்னதைத் தந்தை கேட்டார். உடனே பதில் சொல்லவில்லை. இந்தியா என்றால் அன்றைக்கு ஆறு மாதக் கப்பல் பயணம். போனவர் திரும்புவது அரிது. மகனை இனிப் பார்க்கவே முடியாது. மூன்றாம் நாள் பதில் சொல்கிறேன் என்று கூறிவிட்டு மாடியறைக்குப் போய்விட்டார்.

வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். சம்மதிக்க மாட்டார் என்றே உறவினர் நினைத்தார்கள்.

மூன்றாம் நாள் தந்தை படி இறங்கி வந்தார். மகனை ஆசீர்வதித்தார். உன் நாட்டையும் உன் தகப்பன் வீட்டையும் மறந்துவிட்டுப் போ என்று விடை கொடுத்தார். இறந்துபோன மனைவிக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றிவிட்டார்.

மகனும் பின்வாங்கவில்லை. தன் பங்குச் சொத்தைச் சகோதர சகோதரிகளுக்கு விட்டுக்கொடுத்தார். ஹாலேக்குத் திரும்பியதும் சொந்த நாட்டிலேயே நல்ல பதவி ஒன்று தேடி வந்தது. போகிறேன் என்று சொல்லிவிட்டேன், இனி மாற்ற முடியாது என்று மறுத்துவிட்டார்.

1750-ம் ஆண்டு ஜூலை மாதம் கடலூரில் கப்பலை விட்டு இறங்கினார். அங்கிருந்து தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தார். நான்கு மாதம் ஆவதற்குள், சீகன்பால்கு கட்டிய ஆலயத்தில் நின்று தமிழில் பிரசங்கம் செய்தார். அவர் தம் பிறந்த ஊரை மறுபடி பார்க்கவே இல்லை.

போர் ஓய்ந்த திருச்சி

தரங்கம்பாடியில் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1762-ம் ஆண்டில் சுவார்ட்ஸ் கால்நடையாகவே தஞ்சைக்கும் திருச்சிக்கும் வந்தார்.

திருச்சி அப்போது பெரிய போரைக் கண்டு களைத்திருந்த ஊர். ஆர்க்காட்டு நவாபு பட்டத்துக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதினார்கள். முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. திருச்சிக் கோட்டையில் ஒரு படை. காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தில் ஒரு படை. பக்தர்கள் வலம் வரும் கோவில் மதில்களுக்குள் பிரெஞ்சுச் சிப்பாய்கள் புகுந்து பாசறை அமைத்திருந்தார்கள். 1752-ம் ஆண்டு ஜூன் மாதம் அந்தப் படை சரண் அடைந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் 1754 வரை அந்தப் பக்கத்தில் சண்டை ஓயவில்லை.

இன்று வானளாவ நிற்கும் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் அப்போது கிடையாது. அது 1987-ம் ஆண்டில்தான் கட்டி முடிக்கப்பட்டது. அன்று அது அடிப்பாகம் மட்டுமே உள்ள மொட்டைக் கோபுரமாக நின்றது.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் சுவார்ட்ஸ் வந்து சேர்ந்தார். கோட்டையில் ஆங்கிலப் பட்டாளம் இருந்தது. அதன் தளபதி பிரஸ்டன் என்ற மேஜர். அவர் பாதிரியாருக்கு ஒரு பழைய கட்டடத்தில் ஓர் அறை கொடுத்தார். ஒரு கட்டில் போட்டால் அறை நிறைந்துவிடும். பலரால் அதில் நிமிர்ந்து நிற்கவும் முடியாது.

அவருடைய சம்பளம் வருஷத்துக்கு 48 பவுன். அதிலும் மிச்சம் பிடித்தார். உள்நாட்டுத் துணிக்குக் கறுப்புச் சாயம் தோய்த்து அங்கி தைத்துக்கொண்டார். சோறும் காய்கறியுமே சாப்பாடு. இதை அந்த நாளில் அவரை நேரில் கண்ட ஓர் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். எதைச் சாப்பிட்டாலும் அவர் முகம் மலர்ச்சியாகவே இருக்குமாம்.

தமிழ் அவருக்கு முன்பே தெரியும். பட்டாளத்து வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக ஆங்கிலம் கற்றார். ஊரில் நிறைந்திருந்த முஸ்லிம் மக்களோடும் நவாபின் அரண்மனையாரோடும் பேச இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். பின்னாளில் தஞ்சை அரசரோடு பேச மராத்தியும் கற்றார். யாரிடம் போனாலும் அவர்கள் பாஷையிலேயே பேசினார்.

அநாதைகளின் தந்தை

அந்த நாட்களில் திருச்சிக் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்தது. பல உயிர்கள் மாண்டன. பெற்றோரை இழந்த பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். சுவார்ட்ஸ் அவர்களைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் வைத்தார். பிராங்கேயின் அநாதை விடுதி அவர் மனத்தில் இருந்தது. அது திருச்சியில் முளைத்தது.

மதுரையில் கான்சாகிபு என்ற மருதநாயகத்தை எதிர்த்து ஆங்கிலேயரும் நவாபும் போர் தொடுத்தார்கள். 1764-ம் ஆண்டு வரை முற்றுகை நடந்தது. காயம் பட்டவர்களும் நோயாளிகளும் கூடாரங்களில் கிடந்தார்கள். சுவார்ட்ஸ் அங்கே போய் அவர்களுக்குப் பணிவிடை செய்தார். நவாபு அவருக்கு வெகுமதி கொடுத்தார். அந்தப் பணம் அநாதைப் பள்ளிக்குப் போயிற்று.

பட்டாளத்தார் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். தெப்பக்குளத்துக்கு அருகே ஆலயம் எழுந்தது. பட்டாளத்துக் குருவாகவும் பணி செய்ததற்காகச் சென்னை அரசாங்கம் பிறகு அவருக்கு வருஷம் 100 பவுன் கொடுத்தது. அதிலும் ஒரு பகுதியை அவர் பள்ளிக்கும் ஊழியத்துக்கும் செலவிட்டார்.

திருச்சியில் பதினாறு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. 1778-ம் ஆண்டில் தஞ்சைக்குக் குடிபோனார். மறு ஆண்டே ஒரு பெரிய சோதனை வந்தது.

ஐதர் அலியின் கோட்டையில்

மைசூரை ஆண்ட ஐதர் அலி ஆங்கிலேயர்மேல் கடுங்கோபத்தில் இருந்தார். கோபத்துக்குக் காரணம் உண்டு. 1769-ம் ஆண்டில் ஆங்கிலக் கும்பெனி அவரோடு உடன்படிக்கை செய்தது. பகைவர் தாக்கினால் உதவிக்கு வருவதாக எழுதிக் கொடுத்தது. பிறகு மராத்தியர் மைசூர்மேல் படையெடுத்து வந்தார்கள். கும்பெனி ஒரு சிப்பாயையும் அனுப்பவில்லை.

இப்போது ஐதர் படை திரட்டுகிறார் என்று செய்தி வந்தது. சென்னைக் கவர்னர் ரம்போல்டு சுவார்ட்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார். ஐதரிடம் சமாதானத் தூது போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். போரைத் தடுக்க முடிந்தால் அது கடவுளுக்கு உகந்த வேலைதானே என்று சுவார்ட்ஸ் எண்ணினார். இதற்காக யாரிடமும் பரிசு வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டு சம்மதித்தார்.

1779-ம் ஆண்டு ஜூலை மாதம் பயணம் தொடங்கியது. தஞ்சையிலிருந்து திருச்சி. திருச்சியிலிருந்து கரூர். அங்கே ஐதர் நாட்டு எல்லை. அனுமதி வரும்வரை காத்திருந்தார். பிறகு கெஜலட்டிக் கணவாய் வழியாக மலை ஏறினார். ஆகஸ்டு மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தார்.

அதுவும் காவிரி சூழ்ந்த தீவு. அங்கேயும் பள்ளிகொண்டவர் ரங்கநாதரே. ஸ்ரீரங்கத்தை அக்கரையில் பார்த்துக்கொண்டு பதினாறு ஆண்டு வாழ்ந்த பாதிரியார், அதே ஆற்றின் மேற்கே இன்னொரு அரங்கத்தில் போய் நின்றார்.

ஐதர் அலி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் நினைவாற்றலில் நிகரில்லாதவர். பாதிரியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். கும்பெனி கொடுத்த வாக்கை எப்படி மீறியது என்று ஒவ்வொன்றாகக் கூறினார். சுவார்ட்ஸுக்கு மறுத்துப் பேச வழியில்லை. ஆயினும் சமாதானம்தான் நல்லது என்று எடுத்துச் சொன்னார். ஐதர் பொறுமையாகக் கேட்டார். அவருடைய கோட்டையிலேயே ஜெபம் நடத்தவும் பிரசங்கம் செய்யவும் அனுமதித்தார்.

புறப்படும்போது வழிச் செலவுக்கு 300 ரூபாய் முடிப்பு ஒன்று கொடுத்தார். மறுத்தால் அரசருக்கு அவமரியாதை என்று அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். வாங்கிக்கொண்டார். சென்னைக்குப் போனதும் அதை அப்படியே அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார். நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். அந்தப் பணம் தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு மூலதனம் ஆயிற்று.

தூது பலித்ததா? இல்லை. கும்பெனியின் போக்கு மாறவில்லை. 1780-ம் ஆண்டு ஜூலை மாதம் ஐதர் அலி பெரும்படையுடன் கர்நாடகத்தில் இறங்கினார். ஊர்கள் எரிந்தன. வயல்கள் பாழாயின.

ஆனால் ஐதர் ஓர் உத்தரவு போட்டிருந்தார். சுவார்ட்ஸ் பாதிரியாரை எவரும் தடுக்கக்கூடாது. அவர் போகும் இடமெல்லாம் போகட்டும் என்பதே அந்த உத்தரவு. எரியும் நாட்டின் நடுவே அவர் பயமின்றி நடமாடினார்.

ஆயிரம் மாடுகள்

போரோடு பஞ்சமும் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் செத்து விழுந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கோட்டைக்குக் கொண்டுவரத்தான் மாடுகள் இல்லை. அரசர் கூப்பிட்டார். கும்பெனி அதிகாரிகள் கூப்பிட்டார்கள். குடியானவர்கள் வரவில்லை. முன்பு கூலி கிடைக்காமல் ஏமாந்தவர்கள் அவர்கள்.

கடைசியில் சுவார்ட்ஸிடம் வந்தார்கள். கூலிக்கு நான் பொறுப்பு என்று அவர் ஊருக்கு ஊர் எழுதி அனுப்பினார். இரண்டே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. பேசியபடி கடைசிக் காசு வரை கூலி கொடுத்தார். ஒரு கோட்டை பிழைத்தது.

சில ஆண்டுகளுக்குப் பின் வரிக் கொடுமை தாங்காமல் குடிகள் ஊரைவிட்டு ஓடினார்கள். நீதி கிடைக்கும், திரும்பி வாருங்கள் என்று அரசர் அறிவித்தார். யாரும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் உறுதி கூறினார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்து ஏர் பூட்டினார்கள்.

அரச குமாரன்

1787-ம் ஆண்டில் தஞ்சை அரசர் துளஜாஜி சாகும் தறுவாயில் இருந்தார். சரபோஜி என்ற பத்து வயதுப் பையனை அவர் சுவீகாரம் எடுத்திருந்தார். பையனின் கையைப் பிடித்துச் சுவார்ட்ஸிடம் ஒப்படைக்க விரும்பினார். என்னைவிட உங்கள் தம்பி அமர்சிங் பார்த்துக்கொள்வதே பொருத்தம் என்று சுவார்ட்ஸ் யோசனை சொன்னார்.

அந்த யோசனை தவறாகிவிட்டது. அமர்சிங் தாமே அரசரானார். பையனை இருட்டறையில் அடைத்ததுபோல் வைத்தார். படிப்பு இல்லை, காற்றும் வெளிச்சமும் இல்லை. சுவார்ட்ஸ் மனம் நொந்தார். மீதி வாழ்நாளை அந்தத் தவறைத் திருத்தவே செலவிட்டார் என்று சொல்லலாம். கும்பெனியிடம் முறையிட்டார். பையனுக்குக் காவலும் படிப்பும் ஏற்பாடு செய்தார். 1793-ம் ஆண்டில் அவனைப் பத்திரமாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். சுவீகாரம் செல்லும் என்று நிலைநாட்டப் பாடுபட்டார்.

வெற்றியைக் காண அவர் இருக்கவில்லை. 1798-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி தஞ்சையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 71. இந்தியாவுக்கு வந்து நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

சரபோஜி ஓடி வந்தார். உடலின்மேல் பொன்னாடை போர்த்தினார். தந்தையை இழந்த மகனைப்போல் அழுதார். சில மாதங்களில் அவரே தஞ்சைக்கு அரசரானார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த சரபோஜி மன்னர் இவர்தான். அவர் கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆயினும் சுவார்ட்ஸின் கல்லறைக்குத் தாமே ஆங்கிலத்தில் பாட்டு எழுதிப் பொறிக்கச் செய்தார். பிளாக்ஸ்மன் என்ற பெரிய சிற்பியைக்கொண்டு பளிங்குச் சிற்பமும் செய்வித்தார். மரணப் படுக்கையில் பாதிரியார் கிடக்க, அரசர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி அதில் உள்ளது. தஞ்சை சிவகங்கைக் குளத்தின் அருகே உள்ள ஆலயத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

சுவார்ட்ஸ் அற்புதம் எதுவும் செய்து காட்டியவர் அல்ல. அவர் போன சமாதானத் தூது தோற்றது. அவர் சொன்ன யோசனை ஒன்று பிசகியது. ஆனால் அவர் கொடுத்த வாக்கு ஒன்றும் பொய்க்கவில்லை. ஒரு தாய் இறக்கும்போது கடவுளுக்குக் கொடுத்த வாக்கு அது. தந்தை மூன்று நாள் மாடியறையில் போராடி அதைக் காத்தார். மகன் வாழ்நாள் முழுவதும் காத்தார்.

அதனால்தான் அரசரும் குடியானவரும் அவர் சொல்லைப் பொன்னாக மதித்தார்கள்.

அவர் கட்டிய ஆலயம் மலைக்கோட்டை நிழலில் இன்றும் நிற்கிறது. அதே காவிரி ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது.